என் நாற்றங்கால், அவர் பெயர்

எனக்கு மன்னிக்கத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். கணினிக்கான ஒரு நிரல் மொழியை உருவாக்குகிறோம். அதில் எழுதுவதை ஓட்டும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் நினைவகத்தை ஒழுங்குபடுத்துவது என் வேலை. நிரல் ஓட ஓடப் புதுப்புதுப் பொருள்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அவற்றை வைக்கும் இடத்துக்கு ஹீப் என்று பெயர். யாருக்கும் வேண்டாததை அவ்வப்போது கழிக்காவிட்டால் ஹீப் நிரம்பி எல்லாம் நின்றுவிடும்.

பெரும்பாலான பொருள்கள் பிறந்த கையோடு செத்துப்போகும். அதனால் ஹீப்பை இரண்டாகப் பிரித்தேன். புதியவை சின்ன இடத்தில் பிறக்கட்டும். அது நிரம்பியதும் தேவையானவற்றை மட்டும் பறித்துப் பெரிய இடத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தை மொத்தமாக அழித்துவிடலாம். சின்னதை நாற்றங்கால் என்றும் பெரியதை வயல் என்றும் அழைத்தேன். ஜன்னலுக்கு வெளியே சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது, வேறென்ன பெயர் வரும்?

இதில் ஒரு கண்டம் உண்டு. வயலில் இருக்கும் பழைய பொருள் ஒன்று நாற்றங்காலில் இருக்கும் புதியதைக் கைகாட்டினால், அந்தக் கணமே அதைக் குறித்து வைக்க வேண்டும். அழிக்கும்போது வயல் முழுவதையும் தேடிப் பார்ப்பதில்லை; குறிப்பு இல்லையென்றால் வேண்டியதும் சேர்ந்து போய்விடும்.

என் டீம் லீடு இந்த ஏற்பாடு முழுவதையும் தன்னுடையது என்று முதலாளியிடம் காட்டினார். அதோடு விட்டாரா? குறித்து வைப்பதால் வேகம் குறைகிறது என்று அந்தப் பகுதியை எடுத்தே விட்டார். வேகச் சோதனையில் எண்கள் அழகாக வந்தன. ஃபோன் செய்து ஆபத்தைச் சொன்னேன்.

"ஏங்க, வயக்காட்டுல உக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காதீங்க," என்று சிரித்தார்.

அன்றே சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். வயலில் இருக்கும் பழைய பட்டியலில் புதிதாக ஒரு பெயரைச் சேர்க்கும். பிறகு நாற்றங்கால் நிரம்பி வழியும்வரை குப்பையைக் கொட்டும். கடைசியில் அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்கும். பெயர், குத்தாலம். யாரிடமும் காட்டாமல் கொக்கு மாதிரி காத்திருந்தேன்.

முதலாளிக்கு வீடியோ காலில் ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. லீடு பேசி முடித்ததும், "சார், சின்னதா ஒரு ப்ரோகிராம் அனுப்பியிருக்கேன், ஓட்டிப் பாக்கலாங்களா?" என்று குழைந்தேன். எல்லோர் முன்னாலும் மறுக்க முடியாமல் லீடு ஓட்டினார். குத்தாலம் என்று வர வேண்டிய இடத்தில் கட்டமும் கேள்விக்குறியுமாக என்னவோ வந்தது. மறுபடி ஓட்டினார். இயந்திரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

"ஏன் இப்படி ஆகுது? நீங்க பண்ணினதுதானே, சொல்லுங்க," என்றார் முதலாளி.

லீடு குனிந்து எதையோ தட்டினார். எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "ப்ளீஸ், என்னன்னு சொல்லுங்களேன்."

"இது யார் யோசிச்சதுன்னு முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்," என்று பதில் போட்டுவிட்டு மைக்கை அணைத்தேன். அவர் முகம் வேர்ப்பதைப் பார்க்க அத்தனை இன்பமாக இருந்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டிசைன் அவங்களோடது சார்," என்றார். அதன் பிறகுதான் காரணத்தை விளக்கினேன்.

சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். "அதான் ஒத்துக்கிட்டாருல்ல, விட்டுடேன்," என்றான். எப்படி விடுவது? அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போனால்தானே.

ஹீப் இப்போது முழுக்க என் பொறுப்பு. எடுத்தெறிந்த பகுதியை லீடே திரும்ப எழுத வேண்டும், நான் சரிபார்க்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நேற்று எழுதி அனுப்பியிருந்தார். வரி வரியாகப் படித்தேன். ஒரு பிழை இல்லை. நான் எழுதியதைவிடச் சுத்தமாகக்கூட இருந்தது.

"சரியில்லை, மறுபடி எழுதுங்க," என்று திருப்பி அனுப்பினேன்.