பாவாடைக்காரி தேவை

தோன்யா சுலேமாவின் வேலை ஏஜென்சியில் இரண்டு பெஞ்சுகள் உண்டு. ஜன்னலோரப் பெஞ்சின் மூலை இடம் பசிலியாவுடையது என்று ஆகிப்போய் நாலரை மாதமாகிறது. அவள் வராத நாளில்கூட அங்கே யாரும் உட்காருவதில்லை. "என் அதிர்ஷ்டம் ஒட்டிக்கும்னு பயப்படுறாளுங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

பசிலியாவுக்கு நாற்பத்தேழு வயது. பதினான்கு வயதில் ஏரிக்கரை ஊரிலிருந்து லா பாஸ் நகரத்துக்கு வந்தவள், சோப்போகாச்சிப் பகுதியில் ஒரே வீட்டில் முப்பத்திரண்டு வருஷம் சமைத்தாள். வந்த முதல் வாரமே அந்த வீட்டு அம்மாள் ஒரு கவுனை நீட்டி, இங்கே இதைத்தான் போட வேண்டும் என்றாள். பசிலியா அதை வாங்கி மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, தன் ஊர்ப் பெண்கள் கட்டும் மடிப்புப் பாவாடையோடும் இரட்டைப் பின்னலோடும் அடுப்படிக்குப் போனாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் சூப்பைக் குடித்துப் பார்த்த அம்மாள் அதற்குப் பிறகு கவுனைப் பற்றி வாயே திறக்கவில்லை. போன வருஷம் கார்னிவல் வாரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனாள். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். நல்ல சமையல்காரி என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி மூத்தவனிடம் கேட்டாள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

இப்போது மேலே, எல் ஆல்ட்டோவில், ஒற்றை அறை. காலையில் கேபிள் காரில் கீழே இறங்கி ஏஜென்சி பெஞ்சு. சாயங்காலம் மறுபடி மேலே.

ஏஜென்சியின் வழக்கம் இதுதான். பதிவு செய்தால் மூன்று சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விலாசம். போய்ப் பார்த்து, பிடித்துப்போனால் அந்த வீட்டார் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். மூன்றும் வெறுமனே திரும்பி வந்தால் மறுபடி காசு கட்டிப் பதிய வேண்டும். பசிலியாவின் முதல் சீட்டு வீட்டில் ஈஸ்டருக்கு முன்னாலேயே ஆள் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் கதவை அரைவாசி திறந்து, "நாங்க கவுன்காரிதானே கேட்டோம்" என்றார்கள். மூன்றாவது விலாசத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சமையலறையே கிடையாது.

"மூணு சீட்டும் கொடுத்தாச்சு, தோன்யா பசிலியா" என்றாள் சுலேமா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். தோன்யா என்ற மரியாதை வாயோடு சரி. "கிடைக்கலைன்னா அது என் கையில இல்ல. திரும்பப் பதிஞ்சுக்குங்க."

"பல் புடுங்குற இடத்துக்கு சமையல்காரி கேட்டு வாசல்ல அட்டை தொங்குதே, அதையாவது கழட்டுங்க."

"கழட்டினா வாசல் வெறிச்சுன்னு கிடக்கும். அப்புறம் யார் உள்ள வருவா?"

பசிலியா திரும்பப் பதிந்தாள். இரண்டு முறை.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வில்மா.

வில்மாவின் மகள் நாயெலிக்கு முதல் முடி வெட்டியவள் பசிலியா. கத்தரியைப் பிடித்த நாளிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே, சடங்கால் ஆன சொந்தம். உறவு அப்படி ஆனபின் நீ, வா, போ கிடையாது. பதினான்கு வயது வித்தியாசம் இருந்தும் நீங்க, வாங்கதான். வில்மாவை ஏஜென்சிக்குக் கூட்டி வந்ததும் பசிலியா. ஆடு, கோதுமை, பனியில் உறையவைத்துக் காயவைத்த சூன்யோக் கிழங்கு எல்லாம் போட்டுச் செய்யும் சாய்ரோ சூப்பைத் தன் அறையிலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்ததும் பசிலியா. வில்மா பதினேழு வயதிலேயே பாவாடையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால்சட்டைக்கு மாறி, முடியையும் தோள்வரை வெட்டிக்கொண்டவள். "காத்தாட நடக்கலாம் கொமாத்ரே, நீங்களும் முயற்சி பண்ணிப் பாருங்க" என்பாள்.

பசிலியா பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலரை மாதத்தில் வில்மாவுக்கு மூன்று வேலை கிடைத்தது. ஒன்றை, நாய் பெரியதாக இருக்கிறது என்று விட்டாள். இன்னொன்றை, அந்த வீட்டு செனோரா குளியலறையில் பாடுகிறாள் என்று விட்டாள். மூன்றாவதை ஏன் விட்டாள் என்று பசிலியா கேட்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்லும்போது வில்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் தெரியும் பல்வரிசையைப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் புருஷன், புருஷனுக்கு டாக்ஸி, மகள், இரண்டு அறை. இதெல்லாம் இருப்பவளுக்குத்தான் வேலையையும் விட முடிகிறது என்று பசிலியா கேபிள் காரில் போகும்போது யோசிப்பாள். கீழே ஊர் முழுக்க விளக்கெரியும். அவள் கண்ணில் எதுவும் படாது.

ஒரு வியாழக்கிழமை சுலேமா சிவப்புப் பேனாவால் புது அட்டை எழுதி வாசலில் மாட்டினாள்.

"பாவாடைக்காரி தேவை. நம்ம ஊர் சூப் தெரிந்திருக்க வேண்டும். பானையிலிருந்து விருந்தினருக்கு முன்னால் ஊற்றித் தர வேண்டும். தெற்குப் பகுதி உணவகம். பகல் வேலை. நாற்பது வயதுக்குள்."

பசிலியா எழுந்து நின்று இரண்டு தடவை படித்தாள்.

"இத்தனை வருஷமா பாவாடை வேணாம்னாங்க. இப்ப பாவாடைதான் வேணுமாக்கும்?"

"இப்ப அதுதான் நாகரிகம். வெளிநாட்டுக்காரங்க போட்டோ எடுக்கிறாங்களாம்."

"சூப்பையா, பாவாடையையா?"

"ரெண்டையும் சேர்த்துத்தான்."

"எனக்கு இந்தச் சீட்டைக் கொடுங்க."

"வயசு போட்டிருக்கே, தோன்யா."

"பார்த்தா தெரியுதா?"

"பார்த்தா தெரியாது. அடையாள அட்டையைப் பார்த்தா தெரியும்."

பக்கத்துப் பெஞ்சில் வில்மா நகத்தை ராவிக்கொண்டிருந்தாள். ராவுவது ஒரு நிமிஷம் நின்று, பிறகு தொடர்ந்தது. பசிலியா அதைக் கவனித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் மனசு முழுக்க அந்த நாற்பது என்ற எண்ணில்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வில்மா ஒரு பை நிறைய ரொட்டியோடு எல் ஆல்ட்டோ அறைக்கு வந்தாள்.

"என் வீட்டுக்காரர் பக்கத்துல நாளைக்கு ஒரு ஞானஸ்நானம், கொமாத்ரே. எல்லாரும் பாவாடை கட்டிட்டு வரணும்னு மாமியார் உத்தரவு. உங்க திராட்சை நிறப் பாவாடை, சால்வை, தொப்பி, ஒரு நாளைக்குக் கொடுப்பீங்களா?"

அந்தப் பாவாடை பசிலியா நாற்பதாவது வயதில், ஊர்த் திருவிழாவில் ஆடுவதற்காகத் தைத்தது. மடிப்பு ஒவ்வொன்றும் கத்திபோல நிற்கும். அவள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். கொடுக்கும்போது உள்ளுக்குள் இனிப்பாக இருந்தது என்பதை மறைப்பானேன். கால்சட்டைக்காரிக்கும் கடைசியில் பாவாடைக்காரியின் பெட்டி வேண்டியிருக்கிறதே என்ற இனிப்பு. உள்பாவாடைகளை வில்மா கேட்கவில்லை. பசிலியாவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு உணவகத்துக்காரி செனோரா இங்க்ரித் தானே நேரில் வந்தாள். ஆளைப் பார்க்காமல் எடுக்க மாட்டாளாம். சுலேமா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கதவு திறந்தது. வில்மா வந்தாள்.

பசிலியாவுக்கு முதலில் தெரிந்தது தன் பாவாடைதான். ஆள் அதற்கப்புறம்தான் தெரிந்தாள். திராட்சை நிறம், சால்வை, தொப்பி, தொப்பிக்குக் கீழே இடுப்புவரை இரண்டு பின்னல். தோள்வரை வெட்டிய முடி இரண்டு நாளில் இடுப்பைத் தொடுவதாவது. கடைப் பின்னல். வலது பக்கத்துப் பின்னல் இடது பக்கத்தைவிட ஒரு சாயல் கறுப்பாகக்கூட இருந்தது.

வில்மா அவள் பக்கம் திரும்பவில்லை.

"சாய்ரோ எப்படிப் பண்ணுவீங்க?" என்று கேட்டாள் இங்க்ரித்.

"சூன்யோவை முதல் நாளே ஊறப் போடணும், செனோரா. மூணு தண்ணி மாத்தணும். நாலாவது தண்ணியில கையை விட்டா குளிரணும், நாறக் கூடாது."

"அழகாச் சொல்றீங்களே. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"பரம்பரையா வந்தது."

பசிலியாவின் காதுக்குள் சூடேறியது. குளிரணும், நாறக் கூடாது. அது அவள் வாய் வார்த்தை, அவளுடைய அடுப்பின் முன்னால் நின்று அவள் சொன்னது. அதைவிட மோசம், பாவாடை தொங்கிய தொங்கல். உள்ளே ஒரு உள்பாவாடைகூட இல்லாமல் ஈரத்துணி மாதிரி காலோடு ஒட்டிக் கிடந்தது. அவளுடைய பாவாடையை அப்படி ஒருத்தி கட்டி ஊர் முன்னால் நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"அந்தப் பாவாடை என்னோடது" என்றாள். "சூப்பும் என்னோடது. பின்னல் மட்டும் யாரோடதுன்னு தெரியல. உனக்குத் தெரியுமா, வில்மா?"

கொமாத்ரே இல்லை, நீங்க இல்லை. உனக்கு. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. வில்மாவின் கை தானாகப் பின்னலுக்குப் போனது. முகம் பாவாடை நிறத்துக்கு வந்தது.

இங்க்ரித் எழுந்து வந்தாள். துணிக்கடையில் தரம் பார்ப்பதுபோல ஒரு பின்னலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதைக் கெட்டியா பின் குத்திக்குவீங்களா?"

"குத்திக்குவேன், செனோரா."

"அப்ப சரி. சாப்பிட வர்றவங்க இழுத்துப் பார்க்கப் போறதில்ல. வயசு?"

"முப்பத்துமூணு."

சீட்டில் கையெழுத்து விழுந்தது. பசிலியா உட்கார மறந்து நின்றுகொண்டே இருந்தாள். உண்மையைச் சொன்னால் ஏதாவது ஆகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆகவில்லை. அந்தப் பெண்மணிக்கு வேண்டியிருந்தது பாவாடை கட்டிய ஒரு படம். படத்துக்குள் யார் இருந்தால் என்ன.

"கூடப் பழகினவளுக்கு வேலை கிடைச்சா சந்தோஷப்படணும், தோன்யா" என்றாள் சுலேமா. "பதிவு இந்த வாரத்தோட முடியுது, ஞாபகம் இருக்கட்டும்."

புதன்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. வில்மா, கையில் மூட்டையோடு. அன்றைக்கு ரொட்டி இல்லை.

"திருப்பிக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வைங்க."

வைத்தாள். போகவில்லை.

"அத்தனை பேர் முன்னால என்னை நாறடிச்சுட்டீங்க, கொமாத்ரே."

"ஞானஸ்நானம்னு பொய் சொன்னது யாரு?"

"உண்மையைச் சொல்லியிருந்தா கொடுத்திருப்பீங்களா?"

பசிலியா கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்."

"அதான் சொல்லல."

பசிலியா மூட்டையைப் பிரித்துப் பாவாடையை உதறினாள். விளிம்பில் சூப்பு தெறித்த கறை, பெரிய கறை.

"அறுபது பேருக்குச் சமைக்கணும்" என்றாள் வில்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "நீங்க சொல்லிக் கொடுத்தது ஆறு பேருக்கு. பத்தால பெருக்கிப் போட்டேன். நேத்து பசை மாதிரி வந்துச்சு. இன்னைக்குத் தண்ணி ஊத்தினேன், கழுநீர் மாதிரி ஆயிருச்சு. ஒரு வெளிநாட்டுக்காரர் போட்டோ எடுத்துட்டுக் குடிக்காம போயிட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா ஏஜென்சியில வேற ஆள் கேக்குறதா செனோரா சொல்லிட்டா."

பசிலியாவுக்கு அதைக் கேட்கக் கேட்க நெஞ்சுக்குள் குளுமையாக இருந்தது. அந்தக் குளுமையை அவசரப்படாமல் கடைசிச் சொட்டுவரை அனுபவித்தாள். பிறகு பாவாடையை மடித்தாள்.

"உங்க வாயால அளவை மட்டும் சொல்லுங்க, கொமாத்ரே. அது போதும்."

"அளவு வாயில இல்ல. கையிலதான் இருக்கு. கை வேணும்னா ஆளோடதான் வரும்."

வில்மா புரிந்துகொண்டாள். "உங்க வயசு..."

"அடுப்படிக்குள்ள எவன் வந்து போட்டோ எடுக்கப் போறான்?"

"செனோரா ஒத்துக்கணுமே."

"பாவாடை என் பெட்டியில இருக்கு. அது என்னோடதான் வெளிய வரும். அதையும் செனோராகிட்ட சொல்லுங்க."

வியாழக்கிழமை பசிலியா தெற்குப் பகுதிக்கு இறங்கினாள். முதல் நாளே தன் அறையில் ஊறப் போட்டு, மூன்று தண்ணீர் மாற்றிய சூன்யோவைத் தோளில் சுமந்துகொண்டு போனாள். மதியம் இங்க்ரித் ஒரு கரண்டி குடித்தாள். இன்னொரு கரண்டி குடித்தாள். வயதைக் கேட்கவில்லை. அடுப்படி உதவியாள் என்று எழுதிக்கொண்டாள். சம்பளம் வில்மாவுடையதைவிடக் குறைவு. பசிலியா பேரம் பேசவில்லை. நாலரை மாதத்துக்குப் பிறகு கையில் அகப்பை இருந்தது.

அடுத்த வாரம் தோன்யா சுலேமா ஒரு சீட்டோடு உணவகத்துக்கே வந்து சேர்ந்தாள். தன் ஏஜென்சி மூலமாகத்தான் வேலை கிடைத்தது என்று பசிலியா கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குக் கமிஷனாம்.

"நீங்க எனக்குக் கொடுத்தது பல் ஆஸ்பத்திரி விலாசம்" என்றாள் பசிலியா. "அங்க வேலை கிடைச்சா கையெழுத்துப் போடுறேன்."

சுலேமா ஒரு கிண்ணம் சாய்ரோ குடித்துவிட்டுப் போனாள்.

அதன்பின் தினமும் காலையில், உணவகம் திறப்பதற்கு முன், பசிலியா தன் பையிலிருந்து நாலு உள்பாவாடையை எடுத்து வில்மாவின் இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுவாள். மேலே திராட்சை நிறப் பாவாடை. ஊக்கைச் சால்வையில் குத்துவாள். பின்னலை இழுத்துப் பார்ப்பாள்.

"வலிக்குது, கொமாத்ரே."

"பொய் முடி எப்படி வலிக்கும்?"

"அடியில இருக்கிறது என் முடிதானே."

மதியம் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சிறு ஜன்னல் வழியாக பசிலியா பார்ப்பாள். வில்மா பானையிலிருந்து ஊற்றுவாள். பாவாடை இப்போது குடைபோல விரிந்து ஆடும். எல்லோரும் அவளையே பார்ப்பார்கள். கைபேசிகள் உயரும். வில்மா தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். யாராவது சூப்பைப் புகழ்ந்தால் நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்வாள். அப்போதெல்லாம் பசிலியாவின் அகப்பை பானைக்குள் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் வில்மா கைபேசியை நீட்டினாள். யாரோ ஒரு பயணி எடுத்து அனுப்பிய படம். நடுவில் வில்மா, கையில் கிண்ணம், பின்னால் வெள்ளைச் சுவர். சுவரில் சிறு ஜன்னல். ஜன்னலில் ஆவி மட்டும்தான்.

"நல்லா வந்திருக்கேன்ல, கொமாத்ரே?"

பசிலியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தைத் தாண்டி, கிண்ணத்தைத் தாண்டி, விளிம்புவரை கீழே தள்ளிக்கொண்டு போனாள். மடிப்புகள் ஒவ்வொன்றும் கத்திபோல நின்றன. எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் கலையவில்லை.

"பாவாடை நல்லா வந்திருக்கு" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "திங்கட்கிழமை பத்து நிமிஷம் முன்னாலயே வாங்க. இடது பக்கம் விளிம்பு ஒரு விரல் ஏறியிருக்கு."