வாலில் நாலு ராத்தல்

எங்கள் இரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு மனிதர் எஞ்சின் இல்லாமல் பறந்தார் என்று சொன்னால் இப்போதும் சிலர் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர் பறந்த அன்று விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

மாத்தளை டவுனில் மிளகும் ஏலமும் வாங்கி விற்ற முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவர். சீமைக்குப் போய் விமானப் பொறியியல் படித்தவர். கொழும்புப் பக்கம் விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. பிறகு பெரிய பதவிக்கெல்லாம் போனார். ஆனால் ஐம்பதுகளின் நடுவில் நீண்ட லீவு போட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது, எஞ்சினே இல்லாத கிளைடர் விமானம் ஒன்றை, பழையது, வாலும் உடைந்தது, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வரும் வழியில், ஒரு வளைவில், பலாமரம் ஒன்று வாலை முறித்துவிட்டதாம். மரம் நின்ற இடத்திலேயேதான் நின்றது, பிழை என்னுடையது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் தோட்டத்தை அவர் தேடி வந்ததற்குக் காரணம் காற்று. தேயிலைக்கு மேலே புல் மலை. பிற்பகலானால் சரிவு வழியே காற்று மேலேறி வரும். அதன் மேல் கிளைடரை உட்கார வைத்தால் போதும், காற்றே தூக்கிக்கொள்ளும், இறங்குவதற்குக் கீழே அறுத்த வயல் இருக்கிறது என்றார். தோட்டத்தை நடத்திய துரையும் வேடிக்கை பார்க்கும் ஆசையில் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த கொட்டகையைக் கொடுத்தார்.

நான் அப்போது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளைக்கு உதவியாள். பெண்கள் பறித்து வரும் கொழுந்தைத் தராசில் தொங்கவிட்டு, முள் பார்த்து, எடையை ராத்தல் கணக்கில் சத்தமாகச் சொல்வது என் வேலை. மரவேலை பார்த்துப் பார்த்தே பழகியது. அதனால் அவர் தச்சரைக் கூப்பிடுவது மாதிரி என்னை 'பாஸ்' என்று கூப்பிட்டார். நான் அவரை, அவர்கள் வீட்டில் அண்ணனைச் சொல்வது மாதிரி, நானா என்றேன். இரண்டு பேருமாகக் கினிசப்பு என்ற லேசான மரத்தை இழைத்துப் புது வால் செய்தோம். கொட்டகை வாசலில் தினமும் ஒரு கூட்டம். எஞ்சின் இல்லாமல் எப்படிப் போகும் என்று ஒருவர் கேட்டதற்கு, சத்தம் போடாத ஆளும் வீட்டை நடத்தத்தானே செய்கிறான் என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள். அதை நானா அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வால் முடிந்ததும் அதை நிறுக்க வேண்டும் என்றார். கிளைடரில் எடை எங்கே இருக்கிறது என்பதுதான் உயிர். வால் கனத்தால் மூக்கு தானாக மேலே தூக்கும், வேகம் செத்துப்போகும், அப்புறம் கல் மாதிரி விழும். புது வாலின் கனத்துக்கு ஈடாக மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். மடுவத்துத் தராசைக் கொண்டுவந்து வாலைக் கொக்கியில் மாட்டினோம். நான் எடையைச் சொன்னேன், அவர் எழுதினார். மூன்று தடவை நிறுத்தோம். மூன்று தடவையும் எழுபத்திரண்டு ராத்தல். இந்த மாதிரித் தராசும் இந்த மாதிரி ஆளும் கொழும்பில் கிடைக்காது என்று என் முதுகில் தட்டினார்.

பறப்பதற்குக் குறித்த சனிக்கிழமை நடுப்பகல், நான் மடுவத்தில் நிறுத்துக்கொண்டிருந்தேன். வேறு தோட்டத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், மற்றவர்கள் மாதிரித் தள்ளி நிற்காமல் தராசுக்குக் கிட்டவே வந்து முள்ளைப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, முள்ளு நாப்பத்தொண்ணுல நிக்குது. நீங்க முப்பத்தேழுங்கிறீங்க?"

கூடைக் கழிவு நாலு ராத்தல் என்றேன்.

"கழிக்கிறதா இருந்தா கழிங்க. பாத்ததச் சொல்லிட்டுக் கழிச்சா என்ன? கண்ணு ஒண்ணு பாக்குது, வாயி ஒண்ணு சொல்லுதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போனேன், முடியவில்லை. வருடக்கணக்காக அந்த முள்ளைப் பார்த்ததும் என் வாய் நாலைக் கழித்துத்தான் பேசும். வாலை நிறுத்த அன்று முள் எங்கே நின்றது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நான் சொன்ன எழுபத்திரண்டு மட்டும்தான் காதில் இருந்தது. வாலுக்கு ஏது கூடை?

மேலே புல் மலையில் இந்நேரம் ஆட்கள் கூடியிருப்பார்கள். தராசைக் கொக்கியிலிருந்து கழற்றித் தோளில் போட்டேன். கணக்கப்பிள்ளை எழுந்து நின்று, எங்கேடா தூக்கிட்டுப் போற, வேலை வேணுமா வேணாமா என்றார். இன்னும் ஐந்தாறு கூடை நிறுக்கக் கிடந்தது. அந்தப் புதுப் பெண், "போயிட்டு வாங்க தம்பி, கொழுந்து எங்கயும் ஓடாது" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நானா ஆசனத்தில் வாரைக் கட்டி உட்கார்ந்திருந்தார். மூக்கில் மாட்டிய ரப்பர் வடத்தின் இரண்டு கிளைகளையும் ஆட்கள் பிடித்து நின்றார்கள். அவர்கள் சரிவில் ஓடி இழுக்க, வாலைப் பிடித்திருப்பவன் விட்டதும் கவணிலிருந்து போவது மாதிரிக் கிளைடர் கிளம்பும். மாத்தளைக் கோயில் தேர் இழுத்துப் பழகியவர்கள் என்பதால் ஒத்திகையில் அசைந்து அசைந்து இழுத்தார்கள், கிளைடரும் தேர் மாதிரியே நாலடி நகர்ந்து நின்றது. இன்றைக்கு ஓடுவோம் என்று சத்தியம் செய்திருந்தார்கள்.

எனக்கு மூச்சு வாங்கியது. நடந்ததைச் சொன்னேன். என் தொழிலே எடை சொல்வது, அதிலேயே பிழை விட்டேன் என்றேன். அவர் வாரை அவிழ்த்து இறங்கி வாலைக் கழற்றினார். ஆட்கள் கம்பு கட்டித் தராசைத் தூக்கிப் பிடிக்க, வாலைக் கொக்கியில் மாட்டினோம். நீங்களே பாருங்க நானா என்று நான் ஒதுங்கினேன்.

"இல்ல பாஸ், நீயே சொல்லு. முள்ளு எங்க நிக்கிதோ அத."

எழுபத்தாறு.

அவர் கையளவு புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். மூக்கில் இன்னும் எட்டு ராத்தல் வேண்டும் என்றார். ஈயம் மிச்சமில்லை. ஓடையில் கல் பொறுக்கிச் சாக்குத் துண்டில் கட்டி, அதையும் நிறுத்து, அவர் காலுக்கு முன்னால் இறுக்கிக் கட்டி, வாலைத் திரும்பப் பூட்டினோம். பழைய கணக்கில் போயிருந்தால் விழுந்திருப்பீர்களா என்று கேட்டேன்.

"விழாமலும் போயிருக்கலாம். காத்துக் கொஞ்சம் கோணியிருந்தா மையத்தாத்தான் தூக்கியிருப்பீங்க. வாலப் பிடி."

பிடித்தேன். ஆட்கள் ஓடினார்கள், வடம் இழுபட்டது, என் குதிகால் புல்லில் இரண்டு கோடு போட்டது. அவர் கையை உயர்த்தினார். என் விரல்கள் உடனே பிரியவில்லை. பிறகு விட்டேன்.

மற்றவர்கள் இறக்கையைப் பார்த்தார்கள், நான் மூக்கை மட்டும் பார்த்தேன். அது தலை தூக்கவில்லை. சரிவின் ஓரமாகப் போய், திரும்பி, எங்கள் தலைக்கு மேலேயே சேலை உரசுகிற சத்தத்தோடு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளை மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறி வந்து, தராசுக்காக என்னை ஏசத் தொடங்கினார்.

நானா வயலில் இறங்கியதும் ஓடினேன். வாரை அவிழ்த்துக்கொண்டே, மேலே எஞ்சின் சத்தம் இல்லாததால் நாங்கள் பேசியது எல்லாம் கேட்டது என்றார்.

"கணக்கப்பிள்ள ஒன்ன ஏசினதும் கேட்டிச்சி. பாதியில நின்னு போச்சே, ஏன்?"

"அவரும் அண்ணாந்து பாத்துட்டாருங்க நானா."