தளபதிக்கும் எனக்கும் தாராபுரம்

கோயம்புத்தூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். தாகமா என்று யாரும் கேட்பதில்லை. நம் யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி வரும். அதற்குள் ஊர்ப்புதினம் பாதி முடிந்திருக்கும். இங்கே சொம்பைக் கீழே வைப்பதற்குள், "உங்களுக்கு எந்த ஊருங்க?" சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறையும். தொண்ணூற்றொன்று மே மாதத்துக் குண்டுக்குப் பிறகு அது மறையக் கொஞ்சம் நேரமாகிறது. மரியாதை மட்டும் குறையாது. துரத்துவதானாலும் "போயிட்டு வாங்க" என்றுதான் துரத்துவார்கள்.

ஞாயிறுதோறும் சுப்பண்ணன் வீட்டில் அவர் மகள் கவிதாவுக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்தேன். அவர் பம்புசெட் பட்டறைக்காரர். பாடம் ஒரு பழைய சோக நாடகம். அந்நிய தேசத்துக் கறுப்புத் தளபதி. சண்டைக்கு அவன் வேண்டும், விருந்தில் கதை சொல்லவும் வேண்டும், அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டினால் மட்டும் சூனியக்காரன்.

"இத்தன பெரிய ஆளு, ஒரு கைக்குட்டையப் பாத்து பொண்டாட்டியக் கொல்லுவாருங்களா சார்?" என்றாள் கவிதா.

பொறாமை என்றேன். யாழ்ப்பாணத்திலும் அதைத்தான் சொன்னேன். பிள்ளைகள் அதை எழுதியே பாஸானார்கள்.

அப்போது மண்டபம் முகாமிலிருந்த என் தங்கை குடும்பத்துக்கு வெளியே தங்க அனுமதி கிடைத்தது. வீடு இருந்தால்தான் வரலாம். சுப்பண்ணன் வீட்டு மாடி காலி. கேட்டேன். இரண்டாம் தடவையாகத் தண்ணீர் வந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, உங்கள வேத்தாளாவா நெனைக்கறோம்? அக்கம்பக்கத்துலதான், உங்காளுங்கன்னா இப்படி இப்படின்னு..."

"தளபதியவும் இப்படித்தாங்கப்பா பேசுனாங்க."

"நீ சும்மா இரு கண்ணு." சற்று யோசித்தார். "ஒண்ணு பண்ணலாங்க. கேட்டா தாராபுரம்னு சொல்லிப்போடுங்க. ஊடு உங்களுது."

மனதார உதவினார், நானும் மனதாரத் தலையாட்டினேன். விசித்திரம் வீடு திரும்பும் பஸ்ஸில் தொடங்கியது. தங்கை சத்தமாகப் பேசுவாளே, மச்சானுக்குத் தாடி உண்டே என்று, ஒரு குற்றமும் செய்யாத என் குடும்பத்தை நானே துப்பறிந்துகொண்டிருந்தேன். கவிதாவுக்கான பதில் அங்கேதான் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெண்களை எனக்குத் தெரியும், வெளியூரான் உனக்கென்ன தெரியும் என்கிற தோரணையில்தான், மனைவிமேல் சந்தேகத்தை ஊட்டுகிற அந்தப் பாதகன் தளபதியிடம் பேசுகிறான். வெளியூரானிடம் அதற்குப் பதில் இல்லை. ஊரின் கண்ணை வாங்கித் தன் வீட்டைப் பார்க்கிறான். கைக்குட்டை அதற்கப்புறம்தான்.

தங்கை எழுதியிருந்தாள்: "அண்ணை, தாராபுரம் எப்பிடி இருக்கும்? ஆரும் கேட்டா என்னத்தைச் சொல்ல?" எனக்கும் தெரியாது. பொய்யையாவது ஒழுங்காகச் சொல்வோம் என்று ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். கடைவீதியைப் பார்த்தேன். கோயில்களின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன். செருப்பைக் கையில் பிடித்து அமராவதி ஆற்றில் இறங்கினேன். பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

வாயில் தாராபுரம் தயாராக இருந்தது. உலகத்தில் அதைச் சொல்ல முடியாத ஒரே இடத்தில் நின்றிருந்தேன்.

"கோயமுத்தூருங்க."

"பேச்சு அப்படித் தெரியலீங்களே," என்றார், மரியாதையாக.

முழங்கால் அளவு தண்ணீர். எனக்குத் தாகமாக இருந்தது.