அத்தை காலால் கேட்ட பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பேஸ் கிட்டார் பொருத்தமான வாத்தியம்தான். லிஃப்ட் ஓடுகிறவரை அதை யாரும் நினைப்பதில்லை, நின்றால்தான் ஆள் தேடுவார்கள். பாட்டுக்கு அடியில் உறுமும் பேஸும் அந்த ரகம். ஒரே வித்தியாசம், பேஸ் நின்றாலும் யாரும் தேட மாட்டார்கள். இதை மெக்கானிக்கே சொல்வார். சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

அவர் இருந்த குழுவில் பாட்டும் தலைமையும் பல் டாக்டருடையவை. டிரம்ஸ் வாசிப்பவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊருக்கெல்லாம் நிதானம் சொல்லிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து பாட்டை விரட்டுவார். லீட் கிட்டார் பேங்க்காரர். அவர் காலடியில் கிட்டார் ஒலியை மாற்றும் வகைவகையான பெடல்கள் வரிசை கட்டி நிற்கும். பெடல்கள் கூடிக்கொண்டே போயின, வாசிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. சொந்தப் பாட்டு என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை எல்லோருக்கும் தெரிந்த மாதிரியே வாசிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒத்திகை நடக்கும். சுவரில் சொத்தைப் பல் படங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு கல்யாண வரவேற்பில் மெக்கானிக்கின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து முழுக் கச்சேரியையும் கேட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது, "நல்லா இருந்துச்சுங்க" என்றாள். "ஆனா அதுல நீங்க வாசிச்சது எது?"

"அடியில ஒண்ணு கேட்டுச்சே, அது."

"அதுவா? நான் மண்டபத்து ஏசின்னு நினைச்சேன்."

மெக்கானிக் வண்டியை ஓட்டினார். ஏசி என்று நினைக்கும் அளவுக்குச் சீராக வாசித்திருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

வாத்தியச் சாமான் விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். கல்யாணத்துக்கு முன், வாடகை அறையில் இருந்த காலத்தில், அவரிடம் கிட்டார் இருந்தது, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லை. பேஸ் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் வாசித்தால் வாசிப்பவருக்கே சரியாகக் கேட்காது. அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. கிட்டாரின் தலையை மர அலமாரியின் மேல் அழுத்திக்கொண்டு வாசிக்க வேண்டும். அலமாரியே பாடும். அப்படித்தான் அவர் கற்றுக்கொண்டார், பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டித் தாளம் போட்டார். பிறகு பேங்க்காரர் பேச்சைக் கேட்டு ஐந்து கம்பி கிட்டார் ஒன்று வாங்கினார். ஐந்தாவது கம்பி கட்டைவிரல் வைத்துக்கொள்ளத்தான் பயன்பட்டது. அதைத் தள்ளிவிட்டுப் பழைய நாலு கம்பிக்கே திரும்பினார். அதிலும் வழவழவென்ற தட்டைக் கம்பிகள்தான் கட்டுவார். கணீரென்று கேட்காது, மெத்தையில் குத்தினாற்போல் இருக்கும். "கம்பியை எப்ப மாத்தினீங்க?" என்று பேங்க்காரர் கேட்பார். "அறுந்தா மாத்துவேன்" என்பார். அவை அறுகிற ஜாதி இல்லை.

ஆனால் உண்மையான பெருமை அந்தப் பெட்டிதான். பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பேஸ் ஆம்ப். தனி ஆளாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். கைப்பிடிகளில் ஒன்று எப்போதோ பிய்ந்துவிட்டது. கூடத்து மூலையில் அது உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், வீடு அதனுடையது, மற்றவர்கள் தங்க வந்தவர்கள் என்று தோன்றும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு ரசிகை கிடைத்தார். மாமியார்.

அத்தைக்குக் காது போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. மாமனார் காலமான பிறகு மகள் வீட்டுக்கே வந்துவிட்டார். காதுக்கு வாங்கிய மிஷின் விசிலடிக்கிறது என்று மேஜை டிராயரில் கிடந்தது. எதிரே நின்று நிறுத்திப் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். மருமகன் பேசினால் மட்டும் புரியாது. "உங்க மீசை குறுக்க வருது, மாப்பிள்ளை" என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார். மீசையை எடுக்கும் அளவுக்கு மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. ஆகவே ஒரே வீட்டில் இருவரும் தலையாட்டிக்கொண்டே காலம் தள்ளினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் மெக்கானிக் வாசித்துக்கொண்டிருந்தபோது அத்தை கூடத்தைக் கடந்து போனார். பாதி வழியில் நின்றார். தரையைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துவந்து பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் பெட்டியின் பக்கவாட்டில் பதித்துக்கொண்டார். கண் மூடியது. அன்றிலிருந்து தினமும் அதே நாற்காலி, அதே கால். மெக்கானிக்குக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் வாசிப்பதை மட்டும் கேட்க ஒரு ஆள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வேலை முடிந்து சீக்கிரமே வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

பழைய மெதுவான பாட்டு ஒன்று உண்டு. குழுவின் எல்லாக் கச்சேரியிலும் கடைசிக்கு முந்தைய பாட்டு அதுதான். காது கேட்ட காலத்தில் அத்தை சமையலறையில் நாள்பூரா முணுமுணுத்த பாட்டு. ஒரு சாயங்காலம் அதை அவர் வாசித்து முடித்ததும் அத்தை கண்ணைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, சரணத்துக்கு முன்னாடி கீழ இறங்குறீங்கல்ல, அங்க முந்திக்கிறீங்க. இன்னொரு சுத்து நின்னுட்டு இறங்கணும்."

காது கேட்காதவர்களுக்கே உரிய குரல், அக்கம்பக்கத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். மெக்கானிக் சிரித்தார். அதே பாட்டை அதே மாதிரி எத்தனையோ மேடையில் வாசித்தாகிவிட்டது, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனைவியிடம், "காது கேக்காதவங்க கச்சேரிக்கு விமர்சனம் சொல்றாங்க" என்றார். அத்தை அவர் உதட்டைப் பார்த்தார். மீசைதான் தெரிந்தது. சிரிப்பும் தெரிந்தது.

அந்த வாரமே டாக்டர் ஒரு முடிவோடு வந்தார். இனி மேடையில் ஆம்ப் கூடாது. எல்லா வாத்தியமும் நேரே சவுண்ட் மிக்சருக்குப் போகும், ஆளுக்கொரு இயர்போன். "மேடை சுத்தமா இருக்கும். உங்க பெட்டியைத் தூக்கித் தூக்கி மாஸ்டருக்கு முதுகு போச்சு" என்றார். மாஸ்டர் உடனே முதுகைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். அவர் முதுகும் அதையேதான் சொன்னது. வாத்தியக் கடையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் இணைப்புப் பெட்டி ஒன்றும் ஹெட்போனும் வாங்கிவந்தார். கடைக்காரர் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பெட்டியை இறக்கினார். கூடத்து மூலை சட்டென்று பெரிதாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அத்தை வந்தார். மூலையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தரையில் பதித்தார். மெக்கானிக் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தார், விரல் ஓடியது. தரை சும்மா இருந்தது. அத்தை சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் போட்டுவிட்டு, தன் அறைக்குப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஹெட்போனுக்குள் சத்தம் அற்புதமாக இருந்தது, ஒரு குறையும் சொல்ல முடியாது. எதிரே நாற்காலி மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் எல்லோரும் இயர்போன் செருகிக்கொண்டார்கள். குழு தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்டது. அது அவ்வளவு நல்ல அனுபவமாக இல்லை. பேங்க்காரர் பெடல்களைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை, மரியாதைக்காக. மெதுவான பாட்டு வந்தபோது டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

"சார், சரணத்துக்கு முன்னாடி நீங்க சீக்கிரம் இறங்கிடுறீங்க."

"எப்பவும் அப்படித்தான் வாசிக்கிறேன்."

"எப்பவுமா?" டாக்டர் செல்போனில் மூலப் பாட்டைப் போட்டுக் காட்டினார். அங்கே பேஸ் இன்னொரு சுற்று நின்றது. அப்புறம்தான் இறங்கியது.

"அப்போ இத்தனை வருஷமா?" என்றார் மாஸ்டர்.

"இத்தனை வருஷமா யாராவது சொன்னீங்களா?" என்றார் மெக்கானிக்.

 சொன்ன ஒரே ஆளைக் கேலி செய்து சிரித்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காது கூசியது. அதற்குமேல் அங்கே மனம் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன். தப்பு சொன்னதுல உங்களுக்குக் கோபம் வந்து வாசிக்கிறதையே விட்டுட்டீங்கன்னு அம்மா நினைக்கிறாங்க."

"தினமும் வாசிக்கிறேனே!"

"சத்தம் வரலையே. ஊமை மாதிரி விரலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, என்னைக் குத்திக் காட்டுறாருன்னு சொல்றாங்க."

"பெட்டி கனம்னு கொடுத்துட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். பெட்டியையே கொடுத்துடுற அளவுக்குக் கோபமான்னு கேக்கறாங்க. வாயை அடக்கியிருக்கணும், மருமகன் வீட்டுல இருந்துகிட்டு எனக்கு எதுக்கு அந்தப் பேச்சுன்னு நேத்து அழுதாங்க."

 அத்தை அந்த வீட்டில் சந்தோஷமாக உட்கார்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அதை மெக்கானிக் கடையில் கொடுத்து மாற்றிவிட்டு வந்திருந்தார். பேசிப் புரியவைக்கலாம் என்றால் குறுக்கே மீசை. கிட்டாரை எடுத்துக்கொண்டு அத்தை அறைக்குப் போனார்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் அந்த அறைக்குள் வருவதே அபூர்வம், அதுவும் கிட்டாரோடு. மெக்கானிக் மர அலமாரியைக் கையால் காட்டினார்.

"என்ன வேணும் மாப்பிள்ளை? போர்வையா?"

இல்லை என்று தலையாட்டினார். அத்தை அலமாரியைத் திறந்து ஒரு போர்வையை எடுத்து அவர் தோளில் வைத்தார். மறுக்கும் வழி தெரியாமல் அதை வைத்துக்கொண்டார். அலமாரிக் கதவைச் சாத்தினார். கிட்டாரின் தலையை அதில் அழுத்திக்கொண்டு, தன் உள்ளங்கையைப் பலகையில் வைத்துக் காட்டி, கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுட்டினார்.

அத்தை சந்தேகத்தோடு கையை வைத்தார்.

மெக்கானிக் மெதுவான பாட்டை ஆரம்பித்தார். பலகை அதிர்ந்தது, உள்ளே ஹேங்கர்கள் கிணுகிணுத்தன. அத்தையின் கை முதலில் சட்டென்று விலகியது, பிறகு திரும்பி வந்தது. இன்னொரு கையும் வந்தது. கன்னத்தையும் பலகையில் சாய்த்துக்கொண்டார். பல்லவி முடிந்து சரணத்துக்கு முன் அந்த இடம் வந்தது. வருஷக்கணக்காகப் பழகிய விரல்கள் இறங்கத்தான் பார்த்தன. மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், ஒரு முழுச் சுற்று. அப்புறம் இறங்கினார்.

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, முகம் சிரித்தது. மெக்கானிக் நிறுத்தாமல் சரணத்துக்குள் போனார். போர்வை தோளிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது.

கையில் கரண்டியோடு மனைவி அறை வாசலுக்கு ஓடிவந்தாள். வீடு முழுக்க ஏதோ உறுமுகிறதே என்று தேடிக்கொண்டு வந்தவள், அலமாரியையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, இது நீங்க வாசிக்கிறதா?"

அத்தை கண்ணைத் திறந்தார். மகளின் வாய் அசைவதைப் பார்த்து முகம் சுளித்தார். ஒரு கையைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு, மறு கையின் விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதே. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."