ஏகாம்பரம் அளந்த கண்கள்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை திருக்கோவிலூரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். "அப்பா கண்ணத் தொறந்துகினேதான் போனாருங்க. நாங்கதான் மூடுனோம்" என்றாள்.  அவரோடு கண் முகாம்களுக்கு வந்தவர்களில் இரண்டொருவருக்காவது அது என்னை ஏன் உலுக்கியது என்று புரியும்.

மூக்குக்கண்ணாடிக்காக இரண்டு கருமணிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளப்பது அவர் வேலை. எதிரே உட்கார்ந்து, மூக்கின்மேல் சின்ன அளவுகோலை வைத்து, "என் கண்ணையே பாருங்க" என்பார். "கொழந்தைக்குக் கம்மி, வளர வளர ஜாஸ்தி, ஆளானப்புறம் நின்னுடும். பொம்பளைங்களவிட ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் அகலம். அவ்ளோதான்பா நம்ம வேதம்" என்பார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்த வாரம் மலைமேல் வெள்ளிமலை முகாமில் மாட்டிக்கொண்டோம். அங்கே பொன்னம்மா வந்தாள். மகன் அண்ணாமலை கள்ளக்குறிச்சியில் லாரி கிளீனர். முந்தின முகாமில் அவன் பவரைக் குறித்த அண்ணன், கருமணி அளவை எடுக்க மறந்திருந்தார். மலையிறங்கி வேலைக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

"எம் மூஞ்சிதாங்க அவனுக்கும். என்ன அளந்து கண்ணாடி போட்டுக் குடுங்க. வந்துடுவான்" என்றாள்.

"உங்க அளவு அவனுக்கு ஆவாதும்மா" என்று சிரித்தவர், அவள் மனம் நோகக் கூடாதென்று அளந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. போன வருடம் அவரே அளந்து கொடுத்த கண்ணாடி அவள் கையில் இருந்தது. அந்த அளவைவிட அரை விரல் அகலம் கூடியிருந்தது. நல்ல ஆண்பிள்ளை அளவு. உதவிக்கு இருந்த என்னையும் அவளை அளந்து பார்க்கச் சொன்னார். எனக்கும் அதே அளவுதான் வந்தது.

"அம்மா, என்னத்தான பாக்கறீங்க?"

"இல்லீங்க. ரோட்டப் பாத்துக்கினு இருக்கேன். மரம் குறுக்க கெடக்குது. வண்டி கவுந்து கெடக்குது."

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

மறுநாள் மலையேறி நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். முந்தாநாள் ராத்திரி இருட்டில் மரம் தெரியாமல் லாரி மோதிக் கவிழ்ந்ததாம். அண்ணாமலை பிழைக்கவில்லை.

அடுத்த முகாமில் பொன்னம்மாவை அளந்தபோது அவளுடைய பழைய அளவே இருந்தது. அண்ணன் வெளியே போய் அழுதார். "நான் எடுக்க மறந்த அளவ அவனே வந்து குடுத்துட்டுப் போய்ட்டான்பா" என்றார். 

அதன்பிறகு யார் வந்தாலும் முதலில் பேரைக் கேட்பார். பதில் வந்து, உள்ளிருந்து பார்ப்பது யாரென்று தெரியும்வரை கண்ணைப் பார்க்கமாட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். இதுவரை யாரும் தன் பேரை விட்டு வேறு பேரைச் சொன்னதில்லை. சொன்னால் என்ன செய்வதென்று அவரிடம் கேட்டு வைக்கவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?