முட்டி போடும் பக்கம்

கடலூர் முதுநகர். ரயிலுக்கு நேரமிருப்பதால் வெள்ளைக்காரர் காலத்துச் சர்ச்சில், ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு சபைகள் ஒன்றாகிப் பல வருஷமாயிற்றாம். ஆனாலும் ஜெபம் என்றதும் வலப்பக்கத்தார் முழங்காலிடுகிறார்கள். என் பக்கத்தார் உட்கார்ந்தே கண்ணை மூடுகிறார்கள்.

"இந்தப் பக்கத்துச் சபையாம்மா நீங்க?" என்று அருகிலிருக்கும் அம்மாளிடம் கிசுகிசுக்கிறேன்.

அவர் ஒரு கண்ணைத் திறக்கிறார். "அந்தப் பக்கந்தாங்க. முட்டி வலி ஜாஸ்தியாயிடுச்சு, இங்க வந்துட்டேன். எங்க வூட்டுக்காரரு அங்கதான் இருக்காரு. சபை மாறிட்டேன்னு எங்கிட்ட பேசறதே இல்ல."

ஆமென் சொல்லி எல்லோரும் எழுகிறார்கள். வலப்பக்கத்தில் ஒரு பெரியவர் மட்டும் எழ முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அம்மாள் நடைபாதையைக் கடந்து போய்க் கை கொடுக்கிறார்.

அடுத்த ஜெபத்துக்கு எங்கள் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம்.