எமெதேரியா வயலுக்குக் கல் சுமந்த ஊர்

எமெதேரியா நிலத்துல மண்ணு எங்கேன்னு தேடித்தான் பார்க்கணும். எங்க ஆரகோன் மலைச்சரிவு முழுக்கவே கல்லுதான், ஆனா அவ பங்குக்கு வந்தது ஊர்லேயே மோசமான கல்லு. உழுதா அடியில கிடக்கிறதும் மேலே வந்து உட்கார்ந்துக்கும், இருக்கிற கொஞ்ச ஈரமும் போயிடும். அதனால உழாம நேரடியா விதைக்கிற மிஷின் ஒண்ணை வாடகைக்கு எடுத்தா. போன வருஷம் அதோட மண்ணைக் கீறுற வட்டத்தட்டுங்க கல்லு மேல ஏறி ஏறி வழுக்கி, பார்லி விதையெல்லாம் வெளியிலேயே கிடந்துச்சு. வானம்பாடிங்க தின்ன தீனியைப் பார்க்கணுமே! வயிறு முட்டிப்போய் பறக்கவே முடியலை அதுங்களால.

"இந்த வருஷமாவது சரியான மிஷின் அமையலைன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு சரகோசா பட்டணத்துக்கு மக வீட்டோட போயிடப் போறேன்"னு என் மதுக்கடையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. அவ சொன்னா சொன்னதுதான். பிரசங்கம் நீளுதுன்னு ஒருநாள் பூசையில பாதியில எழுந்து போனவ, அந்தச் சாமியார் மாற்றலாகிப் போற வரைக்கும் கோயில் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. மூலையில சீட்டாடிக்கிட்டிருந்த அவ புருஷன் லம்பெர்த்தோ, கையில நல்ல சீட்டை வச்சுக்கிட்டே தோத்துட்டு எழுந்து போனான்.

கஸ்கோன்ங்கிற ஒரு விற்பனைக்காரர் செவ்வாய்க்கிழமை ரெண்டு மிஷினைக் கொண்டு வந்து ஓட்டிக் காட்டறதா ஏற்பாடு. ஒண்ணு வட்டத்தட்டு வச்சது, இன்னொண்ணு கலப்பை மாதிரி கொழு வச்சது. எந்த வயல்லன்னு எமெதேரியாகிட்ட கேட்டாராம். "இருக்கறதுலேயே கேடுகெட்ட வயல் ரோட்டோரமா இருக்கு, அங்கேயே வாங்க"ன்னுட்டு, ஞாயித்துக்கிழமை மகளைப் பார்க்கப் போயிட்டா.

திங்கட்கிழமை காலையில என் கடைக்குள்ள புயலா நுழைஞ்சா. "பெனித்தா, என் கல்லை யாரோ திருடிட்டாங்கடி!"

"கல்லையா? எவன்டி திருடுவான், தங்கமா அது?" எனக்குச் சிரிப்புல புரையேறிடுச்சு.

"வந்து பாரு!"

போய்ப் பார்த்தா, ஐயோ, வயலு பெருக்கி விட்ட முற்றமா கிடக்கு! கல்லெல்லாம் வேலியோரம் குவிஞ்சிருக்கு. பக்கத்துல லம்பெர்த்தோவும் அவன் தம்பி கோஸ்மேயும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மாப்பிள்ளை கணக்கா பெருமையா நிக்கறாங்க.

"வெளியூர்க்காரர் வர்றாரு அண்ணி, கல்லும் கரடுமா கிடந்தா நம்ம மானம் என்னாகறது?"ன்னான் கோஸ்மே. எங்க ஊர் ஆம்பளைங்க புத்தி இதுதான். விருந்தாளி வர்றான்னா வாசலைக் கழுவி, வீட்டு நாயைக்கூடக் குளிப்பாட்டி வைப்பானுங்க.

"அடப்பாவிங்களா! கல்லுல ஓடுதான்னு பார்க்கத்தானே மிஷினையே வரச் சொன்னேன்! இந்த வழவழப்புல என் பேத்தியோட தள்ளுவண்டிகூட ஓடும்! எடுங்க, எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க!"

சேதி பரவி ஊரே வந்துடுச்சு. நானும் கடையைப் பூட்டிட்டு ஒரு ஜாடி ஒயினோட போயிட்டேன். மொதல்ல கேலி பண்ணவன் எல்லாம் கொஞ்ச நேரத்துல கல்லு சுமக்கிறான். அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க ரோசம்! "இதெல்லாம் ஒரு கல்லா? என் நிலத்துக் கல்லைப் பாரு"ன்னு ஒருத்தன் டிரெய்லர் நிறைய ஏத்திக்கிட்டு வந்தான். அவனுக்குப் போட்டியா இன்னொருத்தன் பாறையையே உருட்டிட்டு வந்தான். எமெதேரியா நடுவுல நின்னுக்கிட்டு, "அது அங்கே இல்லடா, இடது பக்கம்! அது அங்கே பொறந்த கல்லு!"ன்னு கத்தறா. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விலா எலும்பே விட்டுப்போச்சு.

மறுநாள் கஸ்கோன் வண்டியை விட்டு இறங்கினவர் தொப்பியைக் கழட்டிட்டாரு. "அம்மா, இது வயலா, குவாரியா?"

"ரெண்டும்தான். ஓட்டுங்க."

வட்டத்தட்டு மிஷின் தவளையாட்டம் குதிச்சது. விதை மறுபடியும் வெளியே. கோஸ்மே வானத்தைப் பார்த்து விசிலடிச்சுப் பறவைங்களைச் சாப்பிடக் கூப்பிட்டான்.

அடுத்தது கொழு மிஷின். ஒவ்வொரு கொழுவுக்கும் தனித்தனி ஸ்பிரிங். கல்லு தட்டினா அது மட்டும் காலைத் தூக்கித் தாண்டிட்டு மறுபடி மண்ணுக்குள்ள இறங்கும். சத்தமோ, ஊர்ப் பாத்திரமெல்லாம் படியில உருண்ட மாதிரி! எமெதேரியா பின்னாலேயே போய் மண்டி போட்டுக் காய்கறிக் கத்தியால கிளறினா. நாங்க எல்லாரும் சுத்தி வந்து குனிஞ்சோம். உள்ளங்கையை நீட்டினா, ஈரமண்ணு ஒட்டின பார்லி விதை.

"இருக்கு! ரெண்டு விரல் ஆழத்துல இருக்கு!" அந்தப் பாறை பக்கத்துல தோண்டினா, அங்கேயும் இருக்கு. கஸ்கோன் கையைப் பிடிச்சு அவரைச் சுத்தோ சுத்துன்னு சுத்திட்டா, பாவம் மனுஷன். நாங்க எல்லாரும் கூச்சல் போட்டு ஆடினோம்.

லம்பெர்த்தோ மட்டும் ஒரு கல்லு மேல உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகிட்டிருந்தான்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"ன்னு பதறிப்போய் ஓடினா எமெதேரியா.

"மானமாவது ஒண்ணாவது. அது கோஸ்மே விட்ட கதை. மிஷின் ஓடலைன்னா போயிடுவேன்னியே. எனக்கு அந்த ஊர்ல மூச்சு முட்டும், உன்னை விட்டுட்டும் இருக்க முடியாது. எந்த மிஷினானாலும் ஓடிடட்டும்னுதான் கல்லைப் பொறுக்கினேன்."

"முட்டாள் மனுஷா! மத்த கல்லு வயல்ல விதைக்கிறப்ப மிஷினோட வண்டவாளம் தெரிஞ்சிருக்குமே! விளைச்சல் இல்லாம அடுத்த வருஷம் எப்படியும் போயிருப்போமே!"

"அதுவரைக்கும் ஒரு வருஷமாவது இங்கே என்கூட இருந்திருப்பேல்ல."

எமெதேரியா மண்ணுக் கையாலேயே அவன் கண்ணைத் துடைச்சு விட்டா, மூஞ்சியெல்லாம் சேறு. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு கஸ்கோன் பக்கம் திரும்பி, "கொழு வச்சதையே குடுங்க, இந்தாளை வச்சுக்கிட்டு நான் எங்கே போறது"ன்னா.